கையோடு கொண்டுபோகும் ஹாம் ரேடியோ: எந்த ஆன்டெனா, எத்தனை ரேடியல், எந்த பேட்டரி?

வெளியே எடுத்துப்போக ஒரு சின்ன எச்.எஃப். ரிக் (சிற்றலையில் பெறவும் அனுப்பவும் உதவும் வானொலிக் கருவி) வாங்கியவர்கள் அடுத்து வந்து நிற்பது மூன்று கேள்விகளில். எண்ட் ஃபெட் (ஒரு முனையில் ஊட்டும் ஒயர்) நல்லதா, வெர்டிகல் (செங்குத்துக் கம்பி) நல்லதா? கவுண்டர்பாய்ஸ் (மின்னோட்டம் திரும்பி வர விரிக்கும் ஒயர், சுற்றிலும் பலவாக விரித்தால் ரேடியல்கள்) கட்டாயமா? பேட்டரி எத்தனை ஆம்பியர் ஹவர்? மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பதில் குழம்புகிறது. எந்த ஆன்டெனா என்பதைப் பொறுத்துத்தான் கவுண்டர்பாய்ஸ் அமையும். இரண்டும் சேர்ந்துதான் எவ்வளவு பவர் தேவை, அதற்கு எவ்வளவு பேட்டரி சுமக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் (சக்தி எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு), எதிர்முனையில் சிக்னலின் வலிமை காட்டும் எஸ் மீட்டரில் அரைப் புள்ளி. மோசமாகக் கட்டிய ஒரு குட்டை ஆன்டெனா 10 டெசிபல் வரை தின்றுவிடும். அதை பேட்டரியால் ஈடுகட்ட வேண்டுமானால் 10 வாட் ரிக்கை வைத்துவிட்டு 100 வாட் ரிக்கைத் தூக்க வேண்டும். அதே வேலையைச் சில மீட்டர் ஒயர் செய்துவிடும். அதனால் காசும் கவனமும் முதலில் ஆன்டெனாவுக்கு, அப்புறம் தரையில் விரிக்கும் ஒயருக்கு, கடைசியில் பேட்டரிக்கு என்பதுதான் என் வரிசை.

## எதை வைத்து அளப்பது

இடம்தான் முதல் அளவுகோல். கயிறு வீச மரம் இருக்கிறதா? கழி நட மண் இருக்கிறதா, வெறும் பாறையா? ஆட்கள் நடமாடும் இடமா? பக்கத்தில் மின்கம்பி போகிறதா? மின்கம்பி மேலே விழக்கூடிய தூரத்தில் இருந்தால் ஆன்டெனா எதுவானாலும் அந்த இடம் வேண்டாம்.

அடுத்தது, யாரோடு பேச வேண்டும் என்பது. 40 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 40 மீட்டர் உள்ள அலைவரிசைகள்) தாழ்வாகக் கட்டிய கிடை ஒயர் பெரும்பகுதி சக்தியை மேல்நோக்கி அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிச் சில நூறு கிலோமீட்டருக்குள் நன்றாக விழும். கண்டம் தாண்டிப் பேச, அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் அலை கிளம்ப வேண்டும்.

மூன்றாவது விரயம். ரிக்கிலிருந்து கிளம்பும் 10 வாட்டில் எத்தனை வாட் உண்மையில் காற்றில் போகிறது? இங்கேதான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ரிக்கோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டுவது, 1:1 என்றால் முழுப் பொருத்தம்) பலரை ஏமாற்றுகிறது. ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடை (சக்தியை வெப்பமாக்கும் வெறும் மின்தடை) செருகினால் மீட்டர் 1:1 காட்டும், சிக்னல் எங்கும் போகாது. எஸ்.டபிள்யூ.ஆர். சரியாக இருந்தால் ரிக் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். ஆன்டெனா வேலை செய்கிறதா என்பதை அது சொல்லாது.

மிச்சமுள்ள அளவுகோல்கள் நேரமும் எடையும். எடை என்றால் ஆன்டெனாவின் எடை மட்டும் இல்லை. கோக்ஸ் (ரிக்கை ஆன்டெனாவோடு இணைக்கும் கேபிள்), கழி, கயிறு, ட்யூனர் (ஆன்டெனாவை ரிக்குக்குப் பொருத்தும் கருவி), சோக் (கோக்ஸின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பது) எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வையுங்கள்.

## டைபோல், கவிழ்த்த வி

இரண்டு கால்வாசி அலைநீள ஒயர்கள், நடுவில் கோக்ஸ். மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் 143-ஐ வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 10 மீட்டர், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20 மீட்டர். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பாதியாக இருப்பதால் தனியாகக் கவுண்டர்பாய்ஸ் தேவையில்லை, ட்யூனரும் தேவையில்லை. விரயம் மிகக் குறைவு. மற்ற எல்லாவற்றையும் நான் இதனோடுதான் ஒப்பிடுவேன்.

ஒரே ஒரு கழியின் உச்சியில் நடுப்புள்ளியைக் கட்டி இரு கைகளையும் சரித்து இறக்கினால் கவிழ்த்த வி. 6 மீட்டர் ஃபைபர் கழி 20 மீட்டர் பேண்டுக்குப் போதும். கைகளுக்கு இடையிலான கோணம் 90 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு நடுப்புள்ளியில் தொங்கும் கோக்ஸ். தடித்த கேபிள் கழியை வளைக்கும். மெல்லிய ஆர்.ஜி. 174 போட்டால் 10 மீட்டர் நீளத்தில் 20 மீட்டர் பேண்டில் ஒரு டெசிபலுக்கு மேல் போய்விடும், ஆர்.ஜி. 58 என்றால் ஏறக்குறைய அதில் பாதி. பேண்ட் மாற்ற வேண்டுமென்றால் இணைப்புத் துண்டுகள் வைத்த டைபோல் கட்டி, ஒவ்வொரு முறையும் கழியை இறக்கி இணைப்பைப் போட்டு எடுக்க வேண்டும். ஒரே பேண்டில் நிதானமாக உட்கார்ந்து பேசுபவருக்கு இது ஒரு குறையே இல்லை.

## எண்ட் ஃபெட்

அரை அலைநீள ஒயரை ஒரு முனையில் ஊட்டுவது. அந்த முனையில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு உள்ள தடை) இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் அளவில் இருக்கும். 49:1 டிரான்ஸ்பார்மர் அதை 50 ஓமுக்குக் கொண்டுவருகிறது. சுமார் 20 மீட்டர் ஒயர் ஒன்று 40, 20, 15, 10 மீட்டர் பேண்டுகளில் ட்யூனர் இல்லாமலே வேலை செய்யும். ஒரு மரக்கிளை போதும். கயிறு வீசி ஒரு முனையை இழுத்துக் கட்டிவிட்டு, மறுமுனையை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். நடுவில் தொங்கும் கோக்ஸ் கிடையாது, நீளமான கோக்ஸும் தேவையில்லை.

"கவுண்டர்பாய்ஸ் வேண்டாத ஆன்டெனா" என்று இதைச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. ஊட்டும் முனையில் மின்னோட்டம் குறைவு, ஆகவே திரும்பும் மின்னோட்டமும் குறைவு, ஆனால் பூஜ்யம் ஆகாது. நீங்கள் வழி கொடுக்காவிட்டால் அது கோக்ஸின் வெளிப்புறத்தில் ஓடும். கோக்ஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். எஸ்.டபிள்யூ.ஆர். முள் நகர்ந்தால் உங்கள் கேபிளும் ஆன்டெனாவின் பகுதி என்று பொருள். மைக்கில் கரகரப்பு, மோர்ஸ் கீயைத் தொட்டால் விரலில் சுரீரென்ற உணர்வு எல்லாம் இதன் அறிகுறிகள். அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 40 மீட்டர் பேண்டுக்கு 2 மீட்டர் ஒயரை டிரான்ஸ்பார்மரின் தரை முனையில் மாட்டி, ரிக்குக்குப் பக்கத்தில் கோக்ஸில் ஒரு சோக் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரான்ஸ்பார்மரின் விரயமும் கணக்கில் வர வேண்டும். நன்றாகச் சுற்றியதில்கூட ஒரு டெசிபல் வரை போகலாம். சின்ன ஃபெரைட் வளையத்தில் சுற்றியது 10 வாட்டுக்குச் சரி. அதிலேயே 100 வாட்டில் எஃப்.டி.8 (கணினி வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் முறை) ஓட்டினால் வளையம் சூடாகி எஸ்.டபிள்யூ.ஆர். ஏறிக்கொண்டே போகும். ஒயரின் முனைகளில் மின்னழுத்தமும் அதிகம். 10 வாட்டில் 150 வோல்ட், 100 வாட்டில் 500 வோல்ட் அளவுக்கு வரும். ஆட்கள் தொடும் உயரத்தில் முனையை விடக் கூடாது.

## ரேண்டம் ஒயர், 9:1, ட்யூனர்

எந்த பேண்டிலும் அரை அலைநீளத்தின் மடங்காக அமையாத நீளத்தைத் தேர்ந்து (12.5 மீட்டர், 17.7 மீட்டர் என்பவை பலரும் வைத்துக்கொள்ளும் நீளங்கள்) 9:1 டிரான்ஸ்பார்மர் வழியாக ஊட்டி, மிச்சத்தை ட்யூனரிடம் விட்டுவிடுவது. கிட்டத்தட்ட எல்லா பேண்டிலும் பேசலாம். எண்ட் ஃபெட்டைவிடக் கவுண்டர்பாய்ஸை அதிகம் நம்பியிருப்பது இது. 5 மீட்டர் ஒயராவது விரிக்காவிட்டால் கோக்ஸ்தான் அந்த வேலையைச் செய்யும். ட்யூனர், டிரான்ஸ்பார்மர், பொருந்தாத கோக்ஸ் என மூன்று இடங்களில் விரயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ரிக்குக்குள்ளேயே ட்யூனர் இருந்து, ஒரே நாளில் பல பேண்டுகள் வேண்டுமென்றால் மட்டும் இதை எடுப்பேன்.

## முழு நீளக் கால்வாசி வெர்டிகல்

ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் டெலிஸ்கோப்பிக் எஃகுக் கம்பி, கீழே ஒரு முளை, சுற்றி ரேடியல்கள். 20 மீட்டர் பேண்டில் முழுக் கால்வாசி அலைநீளம் கிடைக்கும். அதற்கு மேல் உள்ள பேண்டுகளுக்குக் கம்பியைச் சுருக்கினால் போதும். மரமே இல்லாத மேட்டிலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். தாழ்ந்த கோணத்தில் எல்லாத் திசைக்கும் அனுப்பும். உப்புத் தண்ணீர் ஓரத்தில் இதற்கு ஈடு இல்லை. உப்புநீர் மிக நல்ல மின்கடத்தி என்பதால் தாழ்ந்த கோணச் சிக்னல் தரையில் வீணாகாமல் கிளம்பும்.

பலவீனம் முழுக்கத் தரையில்தான். அதைக் கவுண்டர்பாய்ஸ் பகுதியில் விரிவாகப் பார்ப்போம். காற்றடித்தால் கம்பி வளைவது, மணல் புகுந்து இணைப்புகள் சிக்குவது, 40 மீட்டர் பேண்டுக்கு அடியில் காயில் (கம்பிச் சுருள்) தேவைப்படுவது ஆகியவை மற்ற குறைகள்.

## காயில் வைத்த குட்டைக் கம்பி

பையில் அடங்கும், ஒரு நிமிடத்தில் நிற்கும், பல பேண்டுகளுக்குக் காயிலில் தொடுமுனையை நகர்த்தினால் போதும். விற்பனையில் அதிகம் கண்ணில் படுவதும் இதுதான். ஒன்றரை மீட்டர் கம்பியின் கதிர்வீச்சு மின்தடை (காற்றில் போகும் சக்திக்குக் கணக்காகும் பங்கு) 20 மீட்டர் பேண்டில் சுமார் 2 ஓம். காயிலும் தரையும் சேர்ந்து 18 ஓம் தின்றால் (அது அசாதாரணம் இல்லை) மொத்தம் 20 ஓமில் 2 ஓம்தான் பயன். 10 வாட் கொடுத்தால் 1 வாட் கிளம்பும். 40 மீட்டர் பேண்டில் அதே கம்பியின் கதிர்வீச்சு மின்தடை அரை ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அங்கே கணக்கு இன்னும் மோசம்.

மோர்ஸிலும் எஃப்.டி.8-லும் 1 வாட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பேச முடியும், ஆகவே இதைப் பயனற்றது என்று ஒதுக்க மாட்டேன். பால்கனி, நடைப்பயணத்தின் நடுவே பத்து நிமிட ஓய்வு, ஒயர் கட்ட அனுமதி இல்லாத இடம் போன்றவற்றுக்கு இது சரி. குரலில் பேச வேண்டும், 40 மீட்டரில் பேச வேண்டும் என்பவர் இதை முதல் ஆன்டெனாவாக வாங்குவதை மட்டும் நான் மனப்பூர்வமாகத் தடுப்பேன்.

## மேக்னடிக் லூப்

இந்தப் பட்டியலில் கவுண்டர்பாய்ஸ் எதுவும் கேட்காத ஒரே குட்டை ஆன்டெனா. ஒரு மீட்டர் விட்ட வளையம் 20 மீட்டருக்கு மேற்பட்ட பேண்டுகளில் குட்டைக் கம்பியைவிட நன்றாகவே இருக்கும், 40 மீட்டரில் தளர்ந்துவிடும். பட்டை அகலம் மிகக் குறுகியது, சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலே திரும்ப ட்யூன் செய்ய வேண்டும். மாறுகொள்ளளவியில் (லூப்பை ட்யூன் செய்யும் மின்தேக்கி) 10 வாட்டிலேயே மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட் அளவுக்குப் போகும். ஆட்கள் பக்கத்தில் வரக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து, அல்லது ஒரே அலைவரிசையில் நிற்கும் எஃப்.டி.8-க்கு எடுக்கலாம்.

| தேர்வு | தேவையான இடம் | கவுண்டர்பாய்ஸ் | ட்யூனர் | ஒளிந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| டைபோல், கவிழ்த்த வி | கழியும் இரு பக்க வெளியும் | வேண்டாம் | வேண்டாம் | கோக்ஸ் எடை, பேண்ட் மாற்றம் | ஒரே பேண்டில் நீண்ட நேரம் |
| எண்ட் ஃபெட் | ஒரு மரம் அல்லது கழி | சிறியது, சோக்கும் சேர்த்து | வேண்டாம் | டிரான்ஸ்பார்மர் சூடு, முனை மின்னழுத்தம் | மரங்கள் உள்ள மலை, காடு |
| ரேண்டம் ஒயர் | ஒரு மரம் அல்லது கழி | கட்டாயம் | கட்டாயம் | சேர்ந்துகொண்டே போகும் விரயம் | பல பேண்டுகள் |
| முழுக் கால்வாசி வெர்டிகல் | சிறு திறந்தவெளி | கட்டாயம், அதிகம் | வேண்டாம் | ரேடியல் விரிக்கும் நேரம் | கடற்கரை, மொட்டை மேடு |
| குட்டைக் கம்பி | கையகல இடம் | கட்டாயம் | பல நேரம் தேவை | காயிலும் தரையும் தின்னும் சக்தி | பால்கனி, குறுகிய ஓய்வு |
| மேக்னடிக் லூப் | மேசை அளவு | வேண்டாம் | லூப்பிலேயே உண்டு | குறுகிய பட்டை, உயர் மின்னழுத்தம் | வீட்டுக்குள், எஃப்.டி.8 |

## கவுண்டர்பாய்ஸ்: தரையில் பலவா, தூக்கிக் கட்டிய இரண்டா?

ஆன்டெனாவுக்குள் போகும் மின்னோட்டத்துக்குச் சமமான மின்னோட்டம் கோக்ஸின் மறுமுனைக்குத் திரும்பியாக வேண்டும். ஒயர் கொடுத்தால் ஒயர் வழியாகத் திரும்பும். கொடுக்காவிட்டால் மண், கோக்ஸ், ரிக், உங்கள் உடம்பு வழியாகத் திரும்பும். மண் நல்ல கடத்தி இல்லை, அதில் ஓடும் மின்னோட்டம் வெப்பமாகத்தான் மாறும்.

தரையில் விரிக்கும் ரேடியல்களை அங்குலக் கணக்கில் வெட்ட வேண்டியதில்லை. மண் அருகில் இருப்பதால் அவற்றின் ஒத்ததிர்வு குலைந்துவிடுகிறது, ஒரே தொகுதி எல்லா பேண்டுகளுக்கும் ஆகும். எண்ணிக்கைதான் இங்கே முக்கியம். 1937-இல் ஜார்ஜ் பிரவுன், ராபர்ட் லூயிஸ், ஜெஸ் எப்ஸ்டீன் மூவரும் மண்ணில் புதைத்த ரேடியல்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றி மாற்றி அளந்து வெளியிட்டார்கள். ரேடியல் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றையும் நீளமாக்குவதில் பெரிய பயன் இல்லை என்பது அந்த அளவீடுகளில் தெரிந்த ஒன்று. கையில் 40 மீட்டர் ஒயர் இருந்தால் நாலு பத்து மீட்டராக விரிப்பதைவிடப் பதினாறு இரண்டரை மீட்டராக விரிப்பது பொதுவாக நல்லது. கையில் எடுத்துப்போக எட்டு, பத்து ஒயர்கள் ஒரு நடைமுறை எல்லை. தட்டையான ரிப்பன் கேபிளின் இழைகளைப் பிரித்தால் ஒரே இணைப்பில் அத்தனையும் கிடைத்துவிடும், சுருட்டும்போது சிக்கலும் குறைவு.

தூக்கிக் கட்டும் ரேடியல்களின் விதி வேறு. முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் எதிரெதிராக இரண்டு ஒயர்கள் போதும். தரையில் கிடக்கும் பத்து ஒயருக்கு அவை சமமாக வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு பேண்டுக்கும் கால்வாசி அலைநீளத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும், முனைகளில் மின்னழுத்தம் நிற்கும், ஆட்கள் தடுக்கி விழவும் வாய்ப்புண்டு. பாறை மேலே தனியாக இருக்கும்போது இது சிறந்த வழி. பூங்காவில் தரையில் விரிப்பதே நல்லது.

ஒரு விஷயம் பலரைப் பதறவைக்கிறது. ரேடியலைக் கூட்டியதும் எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டுப்போகிறது! முழுக் கால்வாசி வெர்டிகலின் கதிர்வீச்சு மின்தடை சுமார் 36 ஓம். தரை விரயம் 14 ஓம் இருந்தால் கூட்டுத்தொகை சரியாக 50, மீட்டர் 1:1 காட்டும். ரேடியல்களைச் சேர்த்து அந்த 14 ஓமை நீக்க நீக்க மொத்தம் 36-ஐ நோக்கி இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.4-க்கு ஏறும், சிக்னலோ ஒன்றரை டெசிபல் அளவுக்குக் கூடும். ரேடியலைக் கழற்றி மீட்டரைத் திருப்திப்படுத்தாதீர்கள். 1.4-ஐ எந்த ரிக்கும் தாங்கும்.

## பேட்டரி

முதலில் கணக்கு. பெறும்போது 0.3 ஆம்பியர், 10 வாட்டில் அனுப்பும்போது 3 ஆம்பியர் இழுக்கும் ஒரு ரிக்கை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேரம், அதில் கால்வாசி நேரம் எஸ்.எஸ்.பி.-யில் (குரல் முறை) பேசுகிறோம், பேச்சின் சராசரி 2 ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 2.2 ஆம்பியர் ஹவர் அளவு. அதே மூன்று மணி நேரம் எஃப்.டி.8 என்றால் பாதி நேரம் முழுப் பவரில் அனுப்புவதால் 5 ஆம்பியர் ஹவரை நெருங்கும். நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது எத்தனை மணி நேரம் பேசுகிறீர்கள் என்பதற்குச் சமமான பாரம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட். நாலு செல், 12.8 வோல்ட். பெரும்பாலான ரிக்குகள் கேட்பது 13.8 வோல்ட், அதிலிருந்து 15 சதவீதம் ஏறலாம் இறங்கலாம், அதாவது சுமார் 11.7 முதல் 15.9 வரை. இந்த வகை முழு சார்ஜில் 14.6-க்குள் நிற்கும், கடைசிவரை அந்த எல்லைக்குள்ளேயே ஓடும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் உழைக்கும். 6 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு கிலோவுக்குள் அடங்கும், 77 வாட் ஹவர்தான் என்பதால் விமானங்களில் வழக்கமாக உள்ள 100 வாட் ஹவர் வரம்புக்கும் உட்பட்டது. குறை என்னவென்றால் மின்னழுத்தம் தட்டையாக ஓடுவதால் வோல்ட் மீட்டரைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது, முடியும் நேரத்தில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சட்டென்று அறுத்துவிடும். சின்ன பேட்டரிகளில் அந்தச் சுற்று 100 வாட் ரிக்குக்குத் தேவையான 20 ஆம்பியரைத் தராது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது. எனக்கு இதுதான் முதல் தேர்வு.

லித்தியம் அயனி. எடைக்குத் தரும் சக்தி இதில்தான் அதிகம். ஆனால் மூன்று செல் என்றால் 12.6-இல் தொடங்கி 9 வரை இறங்கும், பாதி சக்தி மிச்சமிருக்கும்போதே ரிக்கின் கீழ் எல்லையைத் தாண்டிவிடும். நாலு செல் என்றால் முழு சார்ஜில் 16.8, அது மேல் எல்லைக்கு வெளியே. இடையில் ரெகுலேட்டர் தேவைப்படும். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடுமாறு வடிவமைத்த சின்ன கியூ.ஆர்.பி. (குறைந்த பவர்) ரிக்குகளுக்கும், நீண்ட ஏற்றத்தில் ஒவ்வொரு கிராமையும் எண்ணுபவர்களுக்கும் இது ஏற்றது.

யு.எஸ்.பி. சி பவர் பேங்க். ஏற்கெனவே பையில் இருக்கும் என்பதுதான் கவர்ச்சி. பி.டி. (பவர் டெலிவரி) முறையின் நிலையான படிகள் 5, 9, 15, 20 வோல்ட். 12 வோல்ட் தருவது கட்டாயமில்லை, உங்களுடையது தருகிறதா என்று உறையைப் பாருங்கள். குறைவான மின்னோட்டம் இழுத்தால் சில தானாக அணைந்துவிடும். பெரிய பிரச்சினை உள்ளே இருக்கும் மாற்றிச் சுற்றின் இரைச்சல். அமைதியான அலைவரிசையில் ரிக்கை வைத்து, பவர் பேங்கைச் செருகியும் எடுத்தும் கேளுங்கள். எஸ் மீட்டர் இரண்டு புள்ளி ஏறினால், எதிர்முனையில் உள்ள பலவீனமான நிலையங்கள் உங்களுக்கு இல்லாமல் போகின்றன. அவசரத்துக்கு மட்டும்.

ஈய அமில பேட்டரி. 7 ஆம்பியர் ஹவர் ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் எடை. ஆயுளைக் காக்க அதில் பாதிதான் பயன்படுத்தலாம். வண்டியிலிருந்து இறக்கி மேசையில் வைப்பதற்கு, ஏற்கெனவே கையில் இருந்தால், சரி.

சோலார் பலகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அதை நேராக ரிக்கில் கொடுக்கக் கூடாது, திறந்த சுற்றில் 18 வோல்ட்டுக்கு மேல் வரும். இடையில் கண்ட்ரோலரும் பேட்டரியும் வேண்டும். கண்ட்ரோலர்களில் பல, பவர் பேங்கைப் போலவே இரைச்சல் எழுப்பும். ஒரு நாளுக்குள் திரும்புபவருக்கு இன்னொரு சின்ன பேட்டரி இதைவிட லாபம்.

கேபிளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 100 வாட் ரிக், 20 ஆம்பியர், 2 மீட்டர் கேபிள் என்று வையுங்கள். போக வர 4 மீட்டர் செம்பு. ஒயர் ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால் வழியிலேயே 1.4 வோல்ட் விழும். 13.2 வோல்ட் பேட்டரி ரிக்கிடம் 11.8 ஆகத்தான் சேரும், பேட்டரி சற்று இறங்கியதுமே பேசும்போது ரிக் அணைந்து அணைந்து எரியும். பேட்டரிதான் மோசம் என்று பழி அதன்மேல் விழும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் என்றால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். நீளத்தைப் பாதியாக்கினால் அதுவும் பாதி. ஃபியூஸை ரிக் பக்கம் வைக்காமல் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் வையுங்கள், இடையில் கேபிள் நசுங்கினாலும் அது காக்கும். முனைகளுக்கு ஆண்டர்சன் பவர்போல் இணைப்பிகளைப் போட்டால் ப்ளஸ் மைனஸ் மாறாது.

## எந்தச் சூழலுக்கு எது

மரங்கள் உள்ள மலை உச்சிக்கு நடந்து போகிறவர்: 20 மீட்டர் எண்ட் ஃபெட், 2 மீட்டர் கவுண்டர்பாய்ஸ், ஒரு சோக், 3 முதல் 6 ஆம்பியர் ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 2002-இல் தொடங்கிய சம்மிட்ஸ் ஆன் தி ஏர் (மலை உச்சிகளிலிருந்து ஹாம் ரேடியோவில் பேசுவது) திட்டத்துக்காக ஏறுகிறீர்கள் என்றால், எரிபொருள் ஜெனரேட்டரோ அங்கே நிலையாக நிறுவிய மின்சாரமோ அதன் விதிப்படி செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மொட்டைப் பாறை: கழியும் 20 மீட்டர் பேண்ட் கவிழ்த்த வியும். முளை இறங்காத இடத்தில் கழியைக் கற்களால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒயர் கைகளையே இழுவைக் கயிறாக்கிவிடலாம்.

கடற்கரை: முழுக் கால்வாசி வெர்டிகல், அலை எட்டாத அளவுக்குத் தண்ணீருக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம்.

பேரிடர் நேரத்தில் சுற்றுவட்டாரத்தோடு பேசத் தயாராகிறவர்: 40 மீட்டர் டைபோலை நாலைந்து மீட்டர் உயரத்திலேயே கட்டுங்கள், மேல்நோக்கிப் போகும் சிக்னல்தான் இங்கே தேவை. அதோடு 100 வாட் ரிக், 20 ஆம்பியரைத் தொடர்ந்து தரும் பெரிய லித்தியம் இரும்பு பாஸ்பேட், தடித்த குட்டைக் கேபிள். இந்த ஒரு சூழலில் எடை ஒரு பொருட்டில்லை. வெர்டிகலை இங்கே எடுக்காதீர்கள், அது பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்துவிடும்.